பொருள் எண் முப்பத்தொன்று

மேட்டைத் திறப்பதற்கு முன்
டிராக்டர்காரன் எர்கெமென்
பிளாஸ்கிலிருந்த உப்புப் பால்தேநீரை
நாலு திக்கும் தெளித்தான்.
‘கூலிக்கு வந்தவன், கோவிச்சுக்காதே’ என்றான்
யாரென்றே தெரியாத ஒருத்தியிடம்.

கல். கல்லுக்குக் கீழ் லார்ச் மரக்கட்டைகள்.
கட்டைகளுக்குக் கீழ் பனிக்கட்டி,
இரண்டாயிரத்து நானூறு கோடைக்கும் மசியாதது.
வெந்நீரை ஒவ்வொரு கோப்பையாய் ஊற்றி
அவளை வெளியே அழைத்தோம்.
பதினோரு நாள் ஆனது.

பதிவேடு என் பொறுப்பு.
எண் ஒன்று: மரச்சீப்பு, இரண்டு பல் இல்லை.
எண் நான்கு: வாய்க்கரிசி மாதிரி ஒரு பிடி தினை,
வாயில் அல்ல, இடது உள்ளங்கையில்.
ஒன்பது: காலணி. அடித்தோல் முழுக்கப் பாசிமணி.
நடக்கப்போகிறவளுக்கு
அடியில் யார் மணி தைப்பார்கள்?
பதினாறும் பதினேழும் குதிரைகள்.
பிடரி கத்தரித்திருக்கிறது.
வயிற்றில் ஜூன் மாதத்துப் புல், செரிக்காமல்.

தங்கம் கிடைத்ததா என்று
நகரத்திலிருந்து தினமும் போன்.
இல்லை.
வலது கை மணிக்கட்டோடு இல்லை.
வளையல் இறுகியிருந்திருக்கும்.

வடமேற்கு மூலையில் பழைய துளை,
ஓர் ஆள் தோளை ஒடுக்கி இறங்கும் அகலம்.
துழாவித் தேடிய துளை அல்ல,
நேரே தலைமாட்டில் வந்து இறங்குகிறது.
தெரிந்தவன் வேலை.
மூடிய நாளில் கல் சுமந்தவனாக இருக்கலாம்.
அழுதிருக்கலாம். பந்தியில்
ஆட்டுக்கறி மறுபடி கேட்டு வாங்கியிருக்கலாம்.
அந்தக் குளிர்காலம் அவன் கூடாரத்தில்
என்னென்ன இல்லையோ.

துளையின் அடியில் ஒரு கையுறை கிடந்தது.
உள்ளே ரோமம் வைத்த தோல்,
கட்டைவிரலில் வேறு நிற நூலால் ஒட்டு.
வலது கை. ஜோடி இல்லை.

‘அது அடக்கத்தைச் சேர்ந்ததில்லை,
தனியாக வை’ என்றார் வெனியாமின் லுவோவிச்.
அதற்குள் எழுதிவிட்டிருந்தேன்:
முப்பத்தொன்று. கையுறை. ஆண்.
அவளுக்கும் இவனுக்கும் இடையில் வரிசையில்
ஒரு கோடுகூட விடவில்லை நான்.

கடைசி நாள், காற்று மாறிவிட்டது.
‘சுர்குரா, எண்ணு’ என்று கத்தினார்கள்.
பெட்டிகள் சரி. கயிறு சரி. வாளிகள் ஆறு.
கொத்துக்கரண்டி ஒன்று குறைகிறது,
கைப்பிடியில் நீல டேப் சுற்றியது,
என்னுடையது.
திரும்பிப் பார்த்தேன்.
எர்கெமென் டிராக்டரைக் கிளப்பிவிட்டான்.
குழிக்குள் மண் சரிந்துகொண்டிருந்தது.