நாலாவது பிளக்

ஜூன் மாத ஞாயிறு. வெயிலுக்கு அவசரமில்லை.
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் சரிவில்
ஹேண்ட் பிரேக் போதாதென்று பின்சக்கரத்துக்குச் செங்கலும் கொடுத்து
நிறுத்தியிருக்கிறேன் டொயோட்டாவை.
விடியற்காலை வேலை முடிந்து வரும்போது
மேட்டில் மூன்று முறை இருமியது.
வார்டில் இருமலைக் கேட்டே
எந்தக் கட்டில் என்று சொல்பவள் நான்.
இது சளி இல்லை. பற்றாத பொறி.

முதல் வேலை, ஒன்றும் செய்யாமலிருப்பது.
சூட்டோடு திருகினால்
பிளக்கோடு சேர்ந்து அலுமினிய மரையும் உரிந்து வந்துவிடும்.
பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு
சீருடை துவைத்தேன். டோல் ஊறவைத்தேன்.
எஞ்சின் மேல் புறங்கை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இன்னும் இல்லை.
ஒரு தேநீர் கழித்து, சரி.

பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றித்
துணி சுற்றி ஒதுக்கினேன்.
ஒயர் நாலையும் ஒன்றாகப் பிடுங்கக் கூடாது.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு,
அதுதான் அவற்றின் முறை.
தன் முறை வரும்வரை பேசாமலிருக்கும் நாலு பேரை
எங்கள் வெளிநோயாளர் பிரிவில் நான் பார்த்ததே இல்லை.

ஒயரை இழுக்காமல் தொப்பியைப் பிடித்துத் திருகி எடுத்தேன்.
குழிக்குள் மணல். சைக்கிள் பம்பால் ஊதினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
ஊதாமல் திறந்தால் அது உள்ளே விழுந்து
சிலிண்டர் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

பழையது பிஸ்கட் நிறத்தில் வந்தது. நல்ல நிறம்தான்,
முனை மட்டும் தேய்ந்திருந்தது.
புதியதின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தேன்.
ஒரு சாண் ரப்பர் குழாயை அதன் வாலில் மாட்டி
விரலால் சுற்றி இறக்கினேன்.
மரை கோணினால் குழாய் வழுக்கிவிடும்,
ஸ்பேனர்தான் பிடிவாதம் பிடிக்கும்.
விரல் நின்ற இடத்திலிருந்து அரைச் சுற்று.
அதற்கு மேல் போவது கோபம்.

இரண்டு. மூன்று.

"இன்காவு! இன்காவு!"
வேலிக்கு அப்பாலிருந்து நொம்புசோ கத்தினாள்.
நிமிர்ந்தேன். மதில்மேல் குரங்கு,
கையில் என் நாலாவது பிளக், பெட்டியோடு.
பெட்டியைக் கிழித்தது.
வெள்ளைப் பீங்கானைக் கடித்துப் பார்த்து முகம் சுளித்தது.
ஆனாலும் தரவில்லை.
அவக்காடோ மரம், நொம்புசோ வீட்டுக் கூரை,
அடுத்த கூரை, அப்புறம் வெறும் வானம்.
நொம்புசோ சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துவிட்டாள்.
தொண்ணூற்றைந்து ராண்ட்.
கடை நாளைதான். எனக்கு இன்றிரவு ஏழு மணிக்கு வேலை.

இருந்தாலும் நாலாவதைத் திறந்தேன்.
காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால்
கை நுழைய மறுக்கும் இடம்.
முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு உள்ளே போனேன்.
அசையவில்லை. எண்ணெய் ஒரு துளி. காத்திருந்தேன்.
முறுக்காமல், முன்னும் பின்னுமாக,
கடைசியில் வந்தது:
கன்னங்கரேலென்று, வேறு கம்பெனி,
பெயரே அழிந்துபோன கிழடு.

பிப்ரவரியில் லோகன் மூட்லி
நாலுக்குக் காசு வாங்கினான். ரசீது இருக்கிறது.
கை போன இடம் மூன்று.

நான் மட்டும் என்ன?
கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளி சரிசெய்து
அதே கிழட்டைத்தான் திரும்ப மாட்டினேன்.
லோகன் கணக்கும் என் கணக்கும் இப்போது ஒன்று.

உள்ளே போய்ப் பிளாஸ்திரி ஒரு துண்டு கிழித்து வந்தேன்.
பானெட்டின் உட்புறம் ஒட்டி எழுதினேன்:
நாலு – பழையது. மாற்றவில்லை. குரங்கு.
தேதி. கையெழுத்து.
வார்டில் அப்படித்தான்.
கொடுத்த மருந்தை எழுதுவதுபோல
கொடுக்காததையும் எழுதிவிட வேண்டும்,
காரணத்தோடு.

ஸ்பேனர்களை எண்ணினேன். கந்தலை எண்ணினேன்.
எஞ்சின் மேல் எதையும் மறக்கவில்லை.
மைனஸ் முனையைத் திரும்ப மாட்டினேன்.

ஆறரை மணிக்கு முதல் சாவியிலேயே எழுந்தது.
செங்கலை எடுத்துக் கேட்டோரம் வைத்தேன்.
மேட்டில் ஒரே ஒரு முறை இருமியது.
யாரென்று தெரியும்.