ஒற்றுத்தாள்

ஓய்வூதியப் படிவத்தின் ஏழாம் கேள்வி:
போரில் ஆற்றிய பணி யாது? ஏந்திய ஆயுதம் யாது?
விடை எழுத இரண்டே வரி இடம்.

'தட்டச்சு' என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.

கார்க் நகரத்துப் படைமுகாம், மாடியில் கடைசி அறை.
மேஜர் வில்ஷர் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லச் சொல்ல
நான் அடிப்பேன்.
அசல் ஒன்று, நகல் இரண்டு,
நடுவில் கார்பன் தாள்கள்.
புதுத் தாளில் ஒரே ஒரு கடிதம் அடித்தால்
விளக்குக்கு நேரே பிடித்து முழுக்க வாசித்துவிடலாம்.
ஆகவே நாள்தோறும் புதுத் தாள் கேட்பேன்.
'சிக்கனம் அறியாதவள் இந்த அபினா லினெஹன்'
என்று சலித்துக்கொள்வார் கிடங்குக்காரர்.

மேஜர் கையெழுத்திட்டதும் ஈரம் ஒற்றி எடுப்பதும் நான்தான்.

காலுறைக்குள் மடித்து, முழங்காலுக்கு மேலே
தாள் வெளியேறும்.
வாயில் காவலில் டெவன் பக்கத்துப் பையன் ஒருவன்
ஆப்பிளைக் கடித்துக்கொண்டே
நாளைக்கு மழை வருமா என்று கேட்பான்.
வரும் என்பேன்.
அந்த ஊரில் அது பொய்யாவதே இல்லை.
இரவில் குளிக்கும்போது பார்ப்பேன்:
தொடையில் கரிப்படலம், அதன் நடுவே
வெளிறிய எழுத்துகள், இடவலம் மாறி.
ஒருமுறை 'விடியுமுன்' என்ற சொல் மட்டும்
மூன்று சோப்புக்கும் போகவில்லை.

சனிக்கிழமை சந்தையில்
திருமதி க்ரீடனிடம் அரை பவுண்டு ஆட்டுக்குடல்.
சில்லறையோடு தாளும் கைமாறும்.
அவள் சிரித்ததில்லை. நானும்தான்.
அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
இடது கட்டைவிரலில் நகம் இல்லை என்பது.
ஒரு சனிக்கிழமை
அவளுடைய பளிங்குப் பலகை கழுவிக் கிடந்தது,
வாளிகள் கவிழ்ந்திருந்தன.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அடுத்த கடையில் இரண்டு மீன் வாங்கிக்கொண்டு
வந்த வேகத்திலேயே திரும்பினேன்,
குறைந்தால் சந்தேகம், கூடினாலும் சந்தேகம்.

தெருவில் என்னைக் கண்டால் துப்புவார்கள்.
பட்டாளத்துச் சோறு தின்பவள்.
கோவிலில் அம்மாவின் பலகை முழுக்க
அவளுக்கே விட்டுவிட்டார்கள்.
அம்மாவிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய், மாலை நான்கு மணி.
'நாக்ரோ, சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் உள்ள களஞ்சியம்,
ஃப்ளரி டுவோமி' என்றார் மேஜர்.
டுவோமி என்பதை எழுத்துக் கூட்டியும் சொன்னார், பிழையாக.
என் விரல்கள் சரியாக அடித்தன.

ஃப்ளரி என் சித்தி மகன்.

தாளை வாங்கிப் பார்த்தார்.
'இவனைத் தெரியுமா உனக்கு?'
'அந்தப் பக்கம் பாதிப்பேர் டுவோமிதான், சார்.'
தலையசைத்தார். கையெழுத்திட்டார்.
ஒற்றி எடுத்தேன்.

அந்தத் தாளைப் பார்த்தவர்கள் இருவர்.
லாரி ஓட்டுபவனுக்கே பாதி வழியில்தான் இடம் தெரியும்.
அவன் அங்கே இல்லாவிட்டால்
அடுத்த நாள் காலை மேஜர் என்னைத்தான் பார்ப்பார்,
பிறகு வாயில் பையனை, பிறகு கிடங்குக் கணக்கை,
பிறகு இருபது மலையோரக் களஞ்சியங்களும்
என் புதுத் தாள்கள் இல்லாமல் உறங்கும்.

நாக்ரோவுக்குப் பதினோரு மைல்.
என் சைக்கிளில் காற்று இருந்தது.
விளக்கில் எண்ணெய்கூட இருந்தது.
அன்றிரவு உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.
நீர் வற்றி அடிப்பிடிக்கும்வரை
அடுப்பருகே நின்றேன் என்று அம்மா பின்னால் சொன்னாள்.

சித்திக்கு இரங்கல் சொல்லப் போனேன்.
கதவைத் திறந்தாள்,
என்னைப் பார்த்தாள், சாத்தினாள்.
அது நியாயம் என்றே இன்றும் படுகிறது,
அவள் நினைத்த காரணத்துக்காக இல்லாவிட்டாலும்.

ஏழாம் கேள்விக்குக் கீழே எட்டாவது:
சாட்சிகள் இருவர் பெயர், முகவரி.

ஒருத்தியின் வாளிகள் கவிழ்ந்தபடியே இருக்கின்றன.
மற்றவன் முகவரியை
நான் ஒருமுறை பிழையின்றி அடித்திருக்கிறேன்.

பேனாவைத் தொட்டு ஒரு வரி எழுதினேன்.
ஈரத்தை ஒற்றினேன்.
எழுந்து போய், என்னையறியாமல்,
ஒற்றுத்தாளை அடுப்பில் போட்டுவிட்டு
அது சாம்பலாகும்வரை நின்றேன்.

படிவம் மேசையில் கிடக்கிறது.
தபால் போக இன்னும் ஒரு மணி நேரம்.