சுமார்

முதலில் முகத்தைப் பார்க்கக் கூடாது.
முகம் எல்லோருக்கும் மெருகு போட்டுத்தான் இருக்கும்.
இழுப்பறையை உருவிக் கவிழ்த்து
டார்ச்சைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும்,
வெளிச்சம் மரத்தின் மேல் விழாமல்
மரத்தோடு படுத்துக்கொள்கிற மாதிரி.

லாஸ்ட்விதியல், நவம்பர்.
கடல் ஏறி வந்ததில் ஜன்னலுக்குக் கீழே
ஃபோய் ஆறு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தது.
டென்சில் ட்ரெகீர் இரண்டு கோப்பைத் தேநீருடன்
கதவோரம் நின்றார்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவரைப் போல.
"ஆயிரத்து எழுநூற்று அறுபது என்பாள் லவ்டே.
கப்பல் தலைவனாயிருந்த முப்பாட்டன் சொத்தாம்."

கீழ்ப்பாகம் மஹோகனி. சாய்ந்த மூடி.
உட்பலகை ஓக், சுண்டுவிரல் கனம்கூட இல்லை.
மூலைப் பற்கள் கையால் அறுத்தவை,
கடைசிப் பல்லுக்கு இடம் போதாமல்
ஒல்லியாக்கி நுழைத்திருக்கிறான் எவனோ,
சனிக்கிழமை சாயங்காலமாக இருக்கும்.
திருகாணித் தலையில் கீறல் நடுவில் இல்லை.
கைப்பிடிக்குப் பின்னால்
தூர்ந்துபோன காதுத்துளைகள் போல இரண்டு.

"எழுநூற்று எழுபதுகள்" என்றேன்.
"அப்படியா!"
அதில் சந்தோஷம் இல்லை, திகைப்பு.

மேல் அலமாரி வேறு ஜாதகம்.
முதுகுப் பலகையில் வட்ட ரம்பத்தின் தடம்,
பிறை பிறையாய், ஒரே இடைவெளியில்.
நீராவிக்குப் பிந்திய மரம்.
இருவருமாகத் தூக்கி இறக்கினோம்.
அது உட்கார்ந்திருந்த இடத்தில், தூசிக்கடியில்,
மேசையின் உச்சி முழுக்கப் பளபளப்பு.
மறையப்போகிற முகத்துக்கு யார் பவுடர் பூசுவார்கள்?
தனியாளாக இருந்த மேசை.
பிறகு யாரோ தலையில் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள்.
எப்போது என்று மட்டும் மரம் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கல்யாணம்.
விலையைப் பாதியாக்கும் கல்யாணம்.
பத்துப் பொருத்தத்தில் அகலம் ஒன்றைத்தான் பார்ப்பார்கள்,
இங்கே அதுவும் அரை அங்குலம் குறை.
குறையை மறைக்க ஒரு சட்டம்,
சட்டத்துக்குக் காப்பித்தூள் நிறம்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே
விரல், பழக்கதோஷம்,
கடிதப் புரைகளுக்கு நடுவிலிருந்த குட்டித் தூணை
இழுத்துவிட்டது.
பின்னால் ரகசியத் தட்டு.
ஒரு பேனா நிப், மூன்று ஊசி,
நாலாய் மடித்த ரசீது:
ட்ரூரோ, ஏப்ரல் 1968.
மேசையும் அலமாரியும். முன்பணம் நான்கு பவுண்டு.
மீதி வாரத்துக்குப் பத்து ஷில்லிங்.
கையெழுத்து, லவ்டே பென்ரோஸ்.

மடித்து உள்ளே வைக்கப் போனேன்.

"தெரியும்" என்றார்.
"மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனவனே நான்தான்.
கடையில் வண்டித் துணையாள். பத்தொன்பது வயது.
என் அம்மாவிடம் வாய் தவறி ஒரு பொய் சொன்னாள்,
அப்புறம் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.
முதலில் நூறு வருஷம் என்றாள்.
மகன் பிறந்ததும் நூற்றைம்பது.
கப்பல்காரன் எழுபத்தொன்பதில்தான் வந்து சேர்ந்தான்.
என்னிடமே சொல்வாள்.
நானும் கேட்பேன், புதிதாய்."

தேநீர் ஆறிவிட்டிருந்தது. குடித்தோம்.

"கீழ்ப்பாகம் நிஜமாகவே..?"
"நிஜமாகவே."
"அவளுக்குத் தெரியாது" என்றார்.
இன்னொரு தடவை, மேசையிடம்,
"உனக்குத் தெரியாதே" என்றார்.

பட்டியலில் எழுத வேண்டியதை எழுதினேன்.
வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட சுருக்கெழுத்தை
எட்டிப் பார்த்து என்னவென்றார்.
ஏறக்குறைய என்று அர்த்தம்.
என் மொழியில் அதற்கு ஒரு சொல் உண்டு,
பெரிய நன்மையுமில்லை, மோசமுமில்லை என்பதற்கும்
அதையேதான் சொல்வோம் என்றேன்.
சொல்லிப் பார்த்தார். சுமார்.
நாக்கு 'ர்'-இல் கொஞ்சம் வழுக்கியது.
"ஐம்பத்துமூன்று வருஷம்" என்றார்.

அலமாரியை ஏற்றி வைத்தோம்.
இறங்கியதும் முதலில் அந்தச் சட்டத்தைத்தான் தேடி
ஸ்வெட்டர் கையால் துடைத்தார்.

நான் எழுதியிருந்ததை மறுபடி படித்து
ஒரே ஓர் இடத்தில் விரல் வைத்தார்.
"இது காப்பி இல்லை" என்றார்.
"தேயிலைச் சாயம். மூன்று தடவை பூசினேன்."