ஒன்பதாவது ஓட்டம்

தார்த்து நகரில் பிப்ரவரி.
சர்வர் அறையில் நானும் மூன்று சுருக்கிகளும்.
ஒவ்வொன்றையும் ஒன்பது முறை ஓட்ட வேண்டும்,
முதல் இரண்டை எறிந்துவிட்டு
மிச்சத்தில் நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும்.
விதி நான் போட்டது.
அலுப்பும் எனக்கே.

நேற்று லெம்பித் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
செயலி குளிர்ந்து
எல்லாமே நாலு சதவீதம் வேகம்.
காற்றுக்கு மதிப்பெண் போட முடியாது,
அத்தனையும் அழித்தேன்.

கோப்புகள் எப்போதும் அதே ஐந்து.
அகராதி பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.
நுரையீரல் படங்கள்
முனகிக்கொண்டே கொஞ்சம் இளைக்கும்.
முன்பே சுருக்கிய ஒன்று, அரைத்த மாவு,
நாற்பது பைட் பெருத்துத்தான் வெளியே வரும்.
ரேடியோ இரைச்சல் யாருக்கும் மசியாது.
ஐந்தாவது, கிழக்கே எண்ணெய்க்கல் வெட்டிய
ஒரு சுரங்கத்தின் கூரைத் தாழ்வுப் பதிவேடு.
ஆறு வருடமாக அதைச் சுருக்குகிறேன், விரிக்கிறேன்,
விரித்தது மூலமேதானா என்று
பைட் பைட்டாக ஒத்துப் பார்க்கிறேன்.
ஒரு வரி படித்ததில்லை.

புதிய சுருக்கி துண்டு துண்டாகக் கணக்குக் காட்டும்.
இன்று நடுவில் ஒரு துண்டு
காணாமல் போயிருந்தது:
பன்னிரண்டு கிலோபைட்
எண்பது பைட்டாக.
நிரலில் பிழை என்றுதான் திறந்தேன்.

3 மி.மீ. ஸ்வெர்ச்கோவ்.
3 மி.மீ. ஸ்வெர்ச்கோவ்.
மணிக்கொரு வரி, மூன்று வாரம்.

அதற்கு முன்னால் 3, 5, 4, 4, 6.
அதுதான் கூரை.
பாறை அசையும், அளப்பவன் கை அசையும்,
கடைசி இலக்கம் நிலையாக நிற்காது.
சுருங்க மாட்டேன் என்று
என்னிடம் ஆறு வருடம் அடம்பிடித்தது
அந்த ஆட்டம்தான்.

அவன் இறங்கவே இல்லை.
விளக்கு இல்லையோ, காலில் அடியோ,
மேலே யாராவது சொன்னார்களோ,
பதிவேட்டில் அதற்கு நிரல் கிடையாது.
மூன்று வாரத்துக்குப் பிறகு
பதினொரு நாள் வெற்று வரிகள்.
பிறகு 9 மி.மீ., 11 மி.மீ.,
வேறொரு பெயர்.

மூன்று சுருக்கிகளும்
இந்த இடத்துக்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் வாங்கியிருந்தன.
என் அட்டவணைகளில் வருடா வருடம்
அது நல்ல செய்தியாகவே இருந்தது.

மணி நாலாகப் போகிறது.
எட்டாவது ஓட்டம் 41.27 நொடி.
ஒன்பதாவதன் கட்டத்தில்
41.2 வரை ஏற்கெனவே தட்டியிருக்கிறேன்.
எப்போது தட்டினேன் என்று நினைவில்லை.
இன்னும் ஓட்டவில்லை.

அழித்தேன்.
ஜன்னல் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
ஓட விட்டு,
மின்விசிறி ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு
நின்றேன்.

42.90.

காலையில் லெம்பித் கேட்பான்,
இது மட்டும் ஏன் இப்படி விலகி நிற்கிறதென்று.
தெரியவில்லை என்பேன்.
முதல் பஸ் ஆறேகாலுக்கு.