எல்லாமே ஜனவரி ஒன்று

ஸ்வெத்லின் வந்தபோது பனி நின்றிருந்தது.
கையில் ஒரு கேபிள், தானே பற்றவைத்தது.
இரண்டாம் கம்பியையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்றான்,
ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழவேண்டுமே.
விவாகரத்தாகிப் பதினெட்டு வருஷம்.
நான் பதில் சொல்லவில்லை. காபி போட்டேன்.

ரூசே நகரில், டான்யூப் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது பிராவெட்ஸ் கணினி.
அடுத்த மாதம் கடையை மறுபடி திறக்கிறேன்.
ஈஸ்டர் ரொட்டிக்கான அளவு இதற்குள்தான் இருக்கிறது,
தட்டி வைத்தவன் இவன்.

மூன்றாம் முறை சுவிட்சைப் போட்டதும்
தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது.
பச்சை எழுத்தில் முதல் கேள்வி:
இன்று என்ன தேதி?
ஒருநாளும் நாங்கள் பதில் சொன்னதில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு, முழங்கைவரை மாவோடு,
யார் தேதி அடிப்பார்கள்? எண்டர்தான்.
சொல்லாதவர்களுக்கு அதுவே ஒரு நாள் குறித்துக்கொள்ளும்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று.

ஆகவே கோப்புகள் எல்லாம் அன்று பிறந்தவை.
கடன் கணக்கு, அடுப்புத் தவணை,
என் பெயரிட்டு அவன் எழுதி அச்செடுக்காத ஏதோ ஒன்று.
அன்றைக்கு எனக்கு வயது ஏழு.
அவன் வார்னாவில், முன்பல் விழுந்த பையன்.
கோப்புகளைக் கேட்டால்
நாங்கள் சந்திப்பதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

இருபது மெகாபைட்.
புது மடிக்கணினிக்கு ஒரு வாய்க்குக் காணாது,
இந்தக் கம்பி வழியே ஆறு மணி நேரம்.
வந்ததா?
வந்தது.
சரியாக வந்ததா?
இல்லை, இன்னொரு முறை சொல்.
இவ்வளவு பொறுமையாக இரண்டு பேர் பேசி
நான் கேட்டதில்லை.

விலைப்பட்டியல்கள் வரத் தொடங்கின.
விலை1, விலை2, விலை41.
தொண்ணூற்றேழு பிப்ரவரி, கையிலிருக்கும்போதே லெவா உருகிய குளிர்காலம்.
காலையில் ஒரு விலை, மதியம் வேறு,
கதவடைக்கும் நேரத்தில்
வரிசையில் நிற்பவர் முகம் பார்த்துச் சொல்லக் கூசிய ஒன்று.
தேதி பார்த்து அடுக்க வழியில்லை.
விலை பார்த்து அடுக்கு என்றேன்.
அடுக்கினான். நாட்கள் தாமே வரிசைக்கு வந்தன.
கோப்பின் எண்ணோடு ஒத்துப்போகாமல் ஒன்று மட்டும் இறங்கி நின்றது.
இது பிழையா என்றான்.
பிழையில்லை. நீதான் குறைத்தாய், என்னிடம் கேட்காமல்,
எதிர்வீட்டு யோர்தாங்கா சில்லறையை
மூன்றாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று.
அன்றிரவு நான் கத்தியது
அவனுக்கு மறந்திருக்கிறது. எந்தக் கோப்பிலும் இல்லை.

ரொட்டி அளவு நாலு மணிக்கு வந்தது.
திறந்தால் ஒவ்வோர் எழுத்தும்
வேறெதன் சட்டையையோ மாட்டிக்கொண்டு நின்றது:
கோடு, கட்டம், அரைச் சிலுவை.
எண்கள் மட்டும் வேஷம் கட்டவில்லை.
40. 12. 320. 9. 3.
எழுத்து மாற்றும் அட்டவணை வீட்டில் இருக்கிறது, நாளை கொண்டுவருகிறேன் என்றான்.
எதற்கு? நாற்பது கிலோ மாவு. பன்னிரண்டு சர்க்கரை.
முந்நூற்றிருபது, முட்டையைத் தவிர வேறென்ன.
ஒன்பது வெண்ணெய்.
மூன்றுதான் பிடிபடவில்லை. உப்பாக இருந்தால் கெட்டது கதை.
ரம், என்றான், மூன்று பாட்டில்.
மாவுக்குப் போனது இரண்டே.

கடன் கணக்கு அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
மறுபடியும் அங்கேயே.
வட்டில் கீறல், இன்னொரு தடவை பார்க்கவா?
விடு, மீதிப் பேர் உள்ளேயே இருக்கட்டும்,
வந்தவர்களிடம் மட்டும் என்ன வசூலித்துவிட்டோம்.
என் பெயரிட்ட கோப்பு எப்போதோ வந்திருந்தது.
இரண்டு கிலோபைட்.
இருவருமே அதன் பக்கம் போகவில்லை.

இருட்டியதும் கிளம்பினான்.
கேபிளைச் சுருட்டி மேஜைமேல் வைத்தது
மறதியா என்று தெரியவில்லை.

பழையதை அணைத்தேன்.
பிறகு ஏனோ மறுபடி போட்டேன்.
செருமல். பச்சை.
இன்று என்ன தேதி?
தெரியும். விரல் எண்கள்வரை போயிற்று.
எண்டர் அடித்தேன்.