கழிவு வெப்பம்

ஒரு லட்சம் விண்மீன் திரள்கள் என் மேசைக்கு வந்தன.
ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் கோடிச் சூரியன்கள்.
நான் கேட்டது ஒன்றுதான்:
உனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா?

யாரும் எங்களோடு பேச வேண்டாம்,
கைகாட்டவும் வேண்டாம்.
விளக்கணைத்து ஒளிந்திருக்கலாம்.
ஆனால் உழைத்த உடம்பு சுடும்.
சூரியனைச் சுற்றிச் சுவரெழுப்பி
வெளிச்சத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல்
அரைத்து, உருக்கி,
ஆண்டு அனுபவித்துத் தீர்த்தாலும்
கடைசியில் மிஞ்சும் வெதுவெதுப்பை
எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும்
சோறு ஆவி விடும்.

காலை ஒன்பதுக்கு அழைப்பு மணி.
நிலநடுக்க இழப்பீட்டு அலுவலகத்திலிருந்து மெய்ண்டெர்ட்,
மழையில் நனைந்த காலணியைக் கழற்றியபடி.
க்ரோனிங்கனுக்கு வடக்கே, எங்கள் ஊருக்கு அடியில்
அறுபது ஆண்டு எரிவாயு எடுத்தார்கள்.
நாடு முழுக்கக் குளிர் காய்ந்தது.
மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறை
மெல்ல அமுங்கி
எங்கள் சமையலறைச் சுவரில்
கூரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு கோடு கிழித்தது.
அதில் பென்சிலை நுழைக்கலாம்.
ஒன்னோ நுழைத்தே வைத்திருக்கிறான்,
மளிகைப் பட்டியல் எழுத வசதி என்று.

மெய்ண்டெர்ட் வெப்பக் கேமராவைத் தூக்கினான்.
சின்னத் திரையில் என் வீடு
மஞ்சளும் ஊதாவுமாய்க் கலங்கிய சுழலாக.
சிரித்துவிட்டேன்.
ராத்திரி முழுக்க நான் பார்த்தது இதைத்தான்,
முப்பது கோடி ஆண்டு பழையதாய்.
“இங்கே ஒழுகுகிறது” என்றான். “இதோ, இங்கேயும்.
தெருவுக்கே கணப்பு மூட்டுகிறீர்கள்.”

லட்சத்தில் ஐம்பது தேறின.
ஐம்பதையும் சுரண்டிப் பார்த்தோம்.
இது தூசி.
இது இளம் விண்மீன்களின் பிரசவ அறை; அதுவும் தூசி.
இது எங்கள் கருவியே கண்ட கனவு.
நேற்றிரவு எஞ்சியது ஒன்றே ஒன்று,
பட்டியலில் 7114.
ஒளி மங்கல். புதிதாய் எதுவும் பிறந்த தடயமில்லை.
ஆனாலும் சுடுகிறது,
பாத்திரம் கழுவிய தண்ணீர் அளவுக்கு.
வார்சாவிலிருந்து யாட்விகா எழுதினாள்:
கொண்டாடாதே ரென்ஸ்கே,
தூசி எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

வரட்டும்.
எனக்குத் தூக்கம் பிடிக்காதது அதனால் இல்லை.
அது தூசியில்லை என்றே வை.
ஒரு திரளின் சூரியன்களையெல்லாம் அடுப்பில் வைத்தவர்கள் என்றே வை.
அங்கே யாருடைய சமையலறையில் கோடு விழுந்தது?
இழப்பீட்டுப் படிவம் எத்தனை பக்கம்?
எத்தனை தலைமுறை அதை நிரப்பிக்கொண்டிருக்கிறது?

தள்ளிவிட்ட தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்தில்
குழாயைத் திருகி மூடிவிட்டு
கம்பளியை இழுத்துப் போர்த்தியவர்கள்
இருந்திருக்கலாம்.
எனக்குத் தெரிய வழியில்லை.
‘போதும்’ என்பதற்கு
எந்த அலைநீளம்?

மெய்ண்டெர்ட் விரிசலை மூன்று இடத்தில் அளந்தான்.
பென்சிலை மட்டும் எடுக்கச் சொன்னான்.
அது சேதக் கணக்கில் வராதாம்.
போகும்போது கேமராவை என்னிடம் நீட்டி,
சுவரில் கைவைத்து, ஒற்றைக் காலில் நின்று,
காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.
கேமரா அணையவில்லை.

திரையில், யாருமில்லாத சுவரில்,
ஒரு உள்ளங்கை.
ஐந்து விரலும் தெளிவாக,
மஞ்சளாக.

கையால் தொட்டுப் பார்க்கத் தோன்றியது,
தொட்டால் என் சூடு கலந்துவிடும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
சுண்டுவிரல் முதலில் போயிற்று.
நாற்பத்தொன்றுவரை ஏதோ இருந்தது,
கையென்று சொல்ல முடியாத ஏதோ.

வாசலில் மழைக்குள் நின்று
கேமராவைத் திருப்பிக் கேட்டான்.