அரைப்பேர்

மஸ்கெலியா வாசகசாலையின் பின்னறை.
ஸ்கேனரின் வெளிச்சம் பக்கத்துக்கடியில் நடந்துபோகிறது,
பெரட்டுக்களத்தில் துரை நடப்பது மாதிரி,
எவர் முகத்தையும் பாராமல்.

1961 ஆகஸ்ட். கீழ்க்கணக்குச் செக்ரோல்.
எண் 217: செல்லா
அதற்கப்பால் கறையான்.

எங்களுக்குப் பேர் என்றால் நாட்கூலி.
கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப்பேர்.
பொழுதுசாய மலையிறங்கும் பெண்ணிடம்
பேர் விழுந்ததா என்றுதான் கேட்பார்கள்.
அவளுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்ததே என்று
கணக்கப்பிள்ளை யோசித்தாரோ என்னவோ.
மை மட்டும் நன்றாக இருக்கிறது. நீலம் கலையவில்லை.

நான் நிரப்பவேண்டிய படிவம்:
பொருள், பதிவேடு.
மொழி, ஆங்கிலம்; ஆட்களின் பேர் தமிழ்.
நிலை, ஓரம் சிதைந்தது.
நாடு என்ற இடத்தில் ஒன்றைத்தான் தொடலாம்.
இரண்டாவதைத் தொட்டால் முதலாவது அணைந்துவிடும்.
இலங்கையைத் தொட்டு அனுப்பினேன்,
நானூற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்கும்.
கரண்ட் போவதற்குள் முடிக்கவேண்டும், அதுதான் கவலை.

மூன்று வாரம் கழித்து
நாடுகாணியிலிருந்து ஒரு கடிதம், போனில் தட்டியது.
கூடலூர்ப் பக்கமாம். அங்கேயும் தேயிலைதானாம்.
எழுதியவர் தங்கவேலாயுதம்.

"217 என் அம்மா. செல்லாயி.
பேரை வைத்துச் சொல்லவில்லை.
ஒன்பதாந் தேதியிலிருந்து பாருங்கள்,
மாசக் கடைசி வரைக்கும் கட்டங்கள் காலி.
அந்த இருபத்துமூன்று கட்டமும் நான்தான்.
எட்டாந் தேதி அரைப்பேர் போட்டிருக்கும்,
மத்தியானம் வலியெடுத்து மலையிறங்கினாளாம்."

படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.
எட்டில் ஒரு சாய்கோடு.
பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை.
குறையுள்ள பக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

கப்பலேறும்போது பாஸ்போர்ட்டில்
செல்லம்மாள் என்று எழுதிவிட்டார்களாம்.
அங்கே போனபின் எல்லாருக்கும் சிலோன்காரி.
சாகும்வரை கடைக்காரன் கூட அப்படித்தான் கூப்பிட்டானாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
குடிசன மதிப்புக்கு வந்தவர்
என்னை இந்தியத் தமிழர் என்று எழுதிக்கொண்டு போனார்.
நான் அந்தக் கரையைக் கண்ணால் பார்த்ததில்லை.
மன்னார் வரைக்குமே ஒரு தரம்தான், கல்யாணத்துக்கு.

217ஐத் திரும்பத் திறந்தேன்.
இந்தியாவைத் தொட்டேன், இலங்கை அணைந்தது.
இலங்கையைத் தொட்டேன்.
அப்படியே கொஞ்சநேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்,
சுவிட்சைத் தட்டும் பிள்ளை மாதிரி.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது:
செப்டம்பர் ஏடு உங்களிடம் இருக்கிறதா?
மறுபடி முழுப்பேர் எந்த நாளில் விழுந்ததென்று
தெரிந்தால் போதும்.
எத்தனை நாள் அம்மா
என்னோடு வீட்டில் இருந்தாள் என்று பார்க்கத்தான்.

பழைய ஸ்டோரின் மேல்தட்டில்
இன்னும் இரண்டு சாக்கு கிடக்கிறதென்றான் துஷ்யந்தன்.
மழை விடவில்லை.
அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு
புறப்பட்டோம்.